பவர்டு ஸ்பீக்கர்: வாட் எண்ணை நம்பிச் செய்யும் தவறுகள்

மேடையில் பாடுபவர்களும் வாசிப்பவர்களும் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே கொண்ட ஒலிபெருக்கிப் பெட்டி) வாங்கும்போது முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். அந்த எண் பெரும்பாலும் பீக் அளவு, அதாவது உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் கண நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவு பல பெட்டிகளில் அதில் பாதிதான் இருக்கும். ஒரு பெட்டியின் பீக் எண்ணையும் இன்னொன்றின் ஆர்.எம்.எஸ். எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே நான் அதிகம் காணும் தவறு.

இரண்டும் ஒரே வகை எண்ணாக இருந்தாலும், வாட் சத்தத்தின் அளவு அன்று. பவரை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் (ஒலியளவின் அலகு) மட்டுமே. காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர் வேண்டும். 500 வாட் பெட்டியை விட்டு 1000 வாட் பெட்டிக்கு மாறியவர் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று வருந்துவது இதனால்தான். வாட்டைவிட, எத்தனை டெசிபல் வரை தரும் என்று குறிப்பேட்டில் சொல்லப்படும் எண் பயனுள்ளது. அதுவும் பீக் கணக்குதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் அதிலிருந்து 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும்.

போதாத பெட்டியை வலுக்கட்டாயமாக முழங்கவைக்கும்போதுதான் சூடு ஏறுகிறது. ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் சில சதவீதமே ஒலியாகிறது. மிச்சமெல்லாம் ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் வெப்பமாகத் தங்குகிறது. ஆம்ப்ளிஃபயர் மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை என்பதால் சூடாகாது என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடுவதால், காயிலின் சூடு 250 டிகிரி ஏறினால் தடை கிட்டத்தட்ட இரு மடங்காகி, உள்ளே போகும் பவர் பாதியாகிவிடும். கச்சேரியின் இரண்டாம் மணி நேரத்தில் ஒலி மங்கியதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் மிக்சரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதேயாகும்.

பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு பவர் தேவைப்படும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. மிக்சரில் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவை) அதிகமாக்கி, அங்கேயே சிக்னல் கிளிப் ஆகும்படி விடுவது இன்னும் மோசம்: உச்சி வெட்டுப்பட்ட அலையின் சராசரி பவர் கூடிவிடுகிறது, சிக்னல் எல்லை மீறாமல் கட்டுப்படுத்தும் ஸ்பீக்கரின் லிமிட்டரால் அந்தச் சிதைவைச் சரிசெய்யவும் முடியாது. டிரம் அடிக்கும் நேரத்தில் லிமிட்டர் விளக்கு மின்னி மறைந்தால் கவலையில்லை. அணையாமல் எரிந்தால் ஃபேடரை இறக்கத்தான் வேண்டும்.

ஒரு மாலை நிகழ்ச்சியில், தூறலுக்குப் பயந்து பெட்டிகளின் பின்புறத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, பின்திரைத் துணியோடு ஒட்டி வைத்திருந்தோம். மூன்றாவது பாட்டில் ஒலி சன்னமாகி, பிறகு அடியோடு நின்றது. பின்னால் இருந்த, சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட் சிங்கில் இரண்டு நொடிகூடக் கை வைக்க முடியவில்லை. பதற்றத்தில் நாங்கள் மூன்று முறை சுவிட்சை அணைத்துப் போட்டோம்; ஒவ்வொரு முறையும் சில நிமிடம் ஒலித்து மறுபடி அடங்கியது. பழுது எதுவும் இல்லை; தன்னைக் காத்துக்கொள்ளும் வெப்பப் பாதுகாப்பு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. தாளை அகற்றி, பெட்டியை ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்த பிறகு கடைசிப் பாட்டு வரை தடையில்லாமல் ஒலித்தது. மின்விசிறி உள்ள பெட்டியை இப்படி அணைத்தால் விசிறியும் நின்று, உள்ளே தேங்கிய சூடு மெதுவாகத்தான் வெளியேறும். சிக்னலை மட்டும் நிறுத்திவிட்டு, மின்சாரத்தை ஓடவிடுவதே அதை விரைவில் ஆற்றும் வழி.