பிளக்-இன் ஹைப்ரிட் பேட்டரி: கிலோமீட்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

பிளக்-இன் ஹைப்ரிட் கார், அதாவது என்ஜினோடு பிளக் மாட்டிச் சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ள கார், வாங்கி ஓராண்டு ஆனவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “புதுசில் ஃபுல் சார்ஜ் போட்டால் 50 கிலோமீட்டர் காட்டியது. இப்போது 36தான் காட்டுகிறது. பேட்டரி போச்சா?” பெரும்பாலும் போயிருக்காது. ஆனால் அந்த 36ஐ நம்பி அவர்கள் அடுத்து எடுக்கும் முடிவுகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. மட்டமான சார்ஜர் வாங்காதீர்கள், கேபிளை மிதிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு கிலோவாட் மணி என்பது மின் மீட்டரில் ஓடும் அதே ஒரு யூனிட்தான். இனி யூனிட் என்றே சொல்கிறேன்.

முழு மின்சாரக் காரில் 60 யூனிட் பேட்டரி இருந்தால், தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு அதில் எட்டில் ஒரு பங்கு போதும். 2013இல் வந்த முதல் மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைப்ரிட்டில் இருந்தது 12 யூனிட்தான். அதே 40 கிலோமீட்டருக்கு அந்தப் பேட்டரியில் ஓட்டப் பயன்படும் பகுதி அநேகமாக முழுதும் காலியாகி, இரவில் மறுபடி நிரம்ப வேண்டும். வேகமாக முந்தும்போது 12 யூனிட் பேட்டரியிலிருந்து 60 கிலோவாட் இழுத்தால், அந்த வேகத்தில் 12 நிமிடத்தில் மொத்தமும் தீர்ந்துவிடும். சின்னப் பேட்டரிக்குப் பெரிய வேலை. தேய்மானம் இருக்கத்தான் செய்யும். அது எவ்வளவு என்பதை எதை வைத்துச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

## டாஷ்போர்டு கிலோமீட்டரைக் கொள்ளளவு என்று நினைப்பது

கொள்ளளவு என்றால் பேட்டரி எத்தனை யூனிட் பிடிக்கும் என்பது. இந்த ஒரு தவறுதான் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுகிறது. காரணம், இதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது. தவிர்ப்பதோ மிகச் சுலபம்.

டாஷ்போர்டில் தெரியும் கிலோமீட்டர் அளந்து சொல்லும் எண் அல்ல, கணித்துச் சொல்லும் எண். பேட்டரியில் மிச்சமிருக்கும் யூனிட்டை, நீங்கள் சமீபத்தில் ஓட்டிய விதத்தால் வகுத்தால் வருவது. பயன்படுத்தக்கூடிய அளவு 9 யூனிட் என்று வையுங்கள். நகருக்குள் மெதுவாக ஓட்டி 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் செலவானால், காட்டுவது 50 கிலோமீட்டர். அதே ஆள் வேலை மாறி நெடுஞ்சாலையில் வேகமாகப் போக ஆரம்பித்து, 100 கிலோமீட்டருக்கு 25 யூனிட் செலவானால், காட்டுவது 36. பேட்டரியிலிருந்து ஒரு யூனிட்கூடக் குறையவில்லை.

குளிர்காலம் வந்தால் இன்னும் மோசம். சாதாரண மின் ஹீட்டர் 4 கிலோவாட் எடுத்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் 9 யூனிட்டில் 4 யூனிட் அதற்கே போய்விடும். குளிரில் செல்லின் (பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் சிறு அலகின்) உள் எதிர்ப்பும் கூடுவதால், உள்ளே மின்சாரம் இருக்கும்போதே மின்னழுத்தம் கீழ் எல்லையைத் தொட்டு என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. வெயில் திரும்பினால் அந்தக் கிலோமீட்டரும் திரும்பும். தேய்மானம் அப்படித் திரும்பாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கோடையில் கார் வாங்கினார். குளிர்காலத்தில் ரேஞ்ச் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் பதறிப்போய் ஒரு பணிமனைக்குக் கொண்டுபோனார். அங்கே டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, “பேட்டரி வீக், மாற்றணும்” என்றார்கள். மாற்றினார். புதுப் பேட்டரி போட்டபிறகு திரை காட்டியது பழையதைவிட மூன்று கிலோமீட்டர் அதிகம், அவ்வளவுதான். சாலையும் அதேதான், குளிரும் அதேதான், வேறு என்ன காட்டும்? பழைய பேட்டரியில் எத்தனை யூனிட் ஏறுகிறது என்று இந்தக் கதையில் ஒருவர்கூட அளந்து பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர் திரையில் 48 கிலோமீட்டரைப் பார்த்ததும், “பேட்டரி அருமை” என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார். முந்தைய உரிமையாளர் நிதானமாக ஓட்டுகிறவராக இருந்திருக்கலாம். கணிப்பை யாராவது ரீசெட் செய்திருக்கலாம். இன்னொன்று, கார் கம்பெனிகள் மொத்தக் கொள்ளளவையும் ஓட்டுநர் கையில் கொடுப்பதில்லை. முதல் தலைமுறை ஷெவர்லே வோல்ட்டின் ஆரம்ப வண்டிகளில் 16 யூனிட் பேட்டரி. ஓட்டப் பயன்பட்டது சுமார் 10.4 யூனிட்தான். மீதி, பேட்டரி முழுதும் நிரம்பாமலும் முழுதும் காலியாகாமலும் இருக்க மேலும் கீழும் ஒதுக்கிவைத்தது. இவ்வளவு ஒதுக்கீடு உள்ள வண்டியில் தேய்மானம் பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே இருக்க முடியும்.

சரி, எப்படி அளப்பது? மிதமான வெப்பநிலை உள்ள நாளில், மின்சாரத்தில் ஓட்டி என்ஜின் ஸ்டார்ட் ஆகும் வரை பேட்டரியைக் காலி செய்யுங்கள். சூடு ஆறட்டும். அப்புறம் யூனிட் காட்டும் மீட்டர் வழியாக 100 சதவீதம் வரை சார்ஜ் போடுங்கள். அந்த நேரத்தில் ஏசியோ ஹீட்டரோ ஓடக்கூடாது. எத்தனை யூனிட் ஏறியது என்று தேதியோடு எழுதிவையுங்கள். சார்ஜரில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும் என்பதால் இந்த எண்ணை விளம்பரத்தில் போட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஒப்பிட வேண்டியது இதே காரின் பழைய எண்ணோடு. கார் புதிதாக இருக்கும்போதே இதைச் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

ஓபிடி கருவி (காரின் கணினியில் செருகித் தகவல் படிக்கும் கருவி) இருந்தால் ஆம்பியர் மணியில் கொள்ளளவைப் படிக்கலாம்; அதை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். அவுட்லேண்டரின் 12 யூனிட் பேட்டரி, தொடராக இணைத்த 80 செல்கள், 300 வோல்ட், 40 ஆம்பியர் மணி. ஆனால் கருவி காட்டுவதும் பேட்டரி மேலாண்மைக் கணினியின் மதிப்பீடுதான்; நாள்போக்கில் அது விலகும். சார்ஜ் யூனிட்டும் அதுவும் ஒரே திசையில் இறங்கினால் நம்பலாம். ஒன்று மட்டும் சரிந்தால் பொறுத்திருந்து மறுபடி அளக்கவும்.

## முதல் ஆண்டு இழப்பை எட்டால் பெருக்குவது

தேய்மானம் நேர்கோட்டில் போகாது. எதிர்மின்வாயின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்து லித்தியத்தை விழுங்குகிறது. ஆரம்பத்தில் வேகமாக வளரும் அது, தடிக்கத் தடிக்க நிதானிக்கும். முதல் ஆண்டில் 4 சதவீதம் போனதால் எட்டாம் ஆண்டில் 32 சதவீதம் போய்விடும் என்று கணக்குப் போட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

## ஃபுல் சார்ஜில் வெயிலில் விட்டுவிட்டுப் போவது

அந்தப் படலத்துக்கு மிகவும் பிடித்த இரண்டு: வெப்பமும் நிறைந்த சார்ஜும். இரண்டும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடிப்பதுதான் கெடுதல். 100 சதவீதம் ஏற்றி அன்றைக்கே ஓட்டினால் கவலையில்லை. ஆனால் நீண்ட பயணம் போகும்போது காரை ஃபுல்லாக நிறுத்தி, பிளக்கையும் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். பாதி சார்ஜில், நிழலில் விட்டுப்போங்கள். தினசரி ஓட்டத்துக்கு டைமர் வைத்து, கிளம்புவதற்குச் சற்று முன்னால் சார்ஜ் முடியும்படி செய்தால் போதும். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு உடனே பிளக் மாட்டுவதையும் தவிர்க்கலாம்.

## 80 சதவீத விதியை அப்படியே கடன் வாங்குவது

தினமும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்து என்பதுதான் அந்த விதி. முழு மின்சாரக் காருக்குச் சொன்ன ஆலோசனை அது. பல பிளக்-இன் ஹைப்ரிட்களில் திரை காட்டும் 100க்கு மேலேயே ஒதுக்கீடு இருக்கிறது. தினமும் பாதியில் பிளக்கைப் பிடுங்கினால் பெட்ரோல்தான் கூடுதலாகச் செலவாகும். இன்னொரு சங்கடமும் உண்டு: தொடரில் உள்ள செல்களில் பலவீனமான ஒன்றுதான் மொத்தப் பேட்டரியின் எல்லையைத் தீர்மானிக்கிறது. பல கார்களில் செல்களைச் சமன்செய்யும் வேலை சார்ஜின் கடைசிப் பகுதியில்தான் நடக்கும். அந்தக் கட்டத்துக்கே போகாத பேட்டரி, தேய்ந்ததுபோலத் தோற்றம் தரும். சில முழு சார்ஜில் இந்த இழப்பு திரும்பக் கிடைத்துவிடும்.

## பேட்டரியை மிச்சம்பிடிக்கச் சார்ஜே போடாமல் இருப்பது

ஓட்டாவிட்டாலும் வயது ஏறும்.

## உறைகுளிரில் சார்ஜ் போடுவது

கார் தானாகவே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது என்றால் குறைக்கட்டும்; அது லித்தியம் உலோகமாகப் படிவதைத் தடுக்கச் செய்யும் ஏற்பாடு.

## வாரண்டியில் சதவீதத்தைத் தேடாமல் விடுவது

“எட்டு வருஷ வாரண்டி இருக்கு” என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது செல் செயலிழப்புக்கு மட்டுமா, கொள்ளளவு குறைவதற்கும் சேர்த்தா என்று படியுங்கள். கொள்ளளவும் அடங்கும் என்றால், எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் என்பதையும் பாருங்கள். ஒரே கம்பெனியின் மின்சாரக் காருக்கு உள்ள விதி அதன் ஹைப்ரிட்டுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. 2022இல் ஐநா அமைப்பின் கீழ் ஏற்கப்பட்ட 22ஆம் உலகத் தொழில்நுட்ப விதி பிளக்-இன் ஹைப்ரிட்களையும் சேர்த்தே பேசுகிறது: 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதம், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதம் மிஞ்ச வேண்டும். அது கேட்பதும் ஆற்றலை, கிலோமீட்டரை அல்ல.

வாரண்டிக் கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே சர்வீஸ் சென்டரில் கொள்ளளவுச் சோதனை கேளுங்கள். முடிவை யூனிட்டாகவோ ஆம்பியர் மணியாகவோ எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் தேதி போட்டு எழுதிவந்த சார்ஜ் கணக்கையும் கையோடு எடுத்துப்போங்கள்.