எண்ணெய் கிடைத்தால் நாடு கிடைக்கும், தினார் ஏறும்: குர்திஸ்தான் பற்றிய சில தப்புக்கணக்குகள்

குவைத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தூரத்து மாமா ஒருவர், பீரோவைத் திறந்து ஒரு சின்னக் கட்டை எடுத்துக் காட்டினார். சிவப்பு நிறத்தில் 25,000 இராக்கி தினார் நோட்டுகள். "குர்திஸ்தான் பக்கம் தோண்டுற இடமெல்லாம் எண்ணெயாம் மாப்ளே. அவங்களுக்குத் தனி நாடு கிடைச்சிடும். தினாரும் ஒருநாள் குவைத் தினார் மாதிரி எகிறும், பாரு" என்றார். இராக் அரசு வைத்திருக்கும் விலைப்படி அதில் ஒரு நோட்டின் மதிப்பு 20 டாலர்கூட வராது.

ஒரு நோட்டை வாங்கிப் பார்த்தேன். கோதுமைக் கதிர்க்கட்டைப் பிடித்தபடி ஒரு குர்துப் பெண், பக்கத்தில் டிராக்டர். அவர் சொன்ன குர்திஸ்தான், இராக்கின் வடக்கே குர்து மக்கள் வாழும் தன்னாட்சிப் பகுதி; எர்பில் அதன் தலைநகர். மாமாவின் பேச்சில் இருந்த தவறுகள் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. செய்தி படிக்கிற நம்மில் பலரும் இதே கணக்கைத்தான் போடுகிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எண்ணெய் கிடைத்ததால்தான் நாடு பறிபோனது"

முதல் உலகப்போருக்குப் பின் குர்துகளுக்குத் தனி நாடு கிடைக்காமல் போனதற்கு வடக்கு இராக்கில் உள்ள கிர்குக் ஊரின் எண்ணெய்தான் காரணம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். வருஷங்களை வரிசையாக வைத்தால் அது அப்படியே பொருந்தாது. குர்து நாட்டுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்த செவ்ர் ஒப்பந்தம் 1920. அந்தக் கதவை மூடிய லோசான் ஒப்பந்தம் 1923. கிர்குக்கும் அடங்கிய மோசுல் மாகாணம் இராக்குக்கே என்று சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) முடிவு சொன்னது 1925 டிசம்பர். கிர்குக்கை ஒட்டிய பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டதோ 1927 அக்டோபரில். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்: எண்ணெய் பல நாட்கள் அடக்க முடியாமல் பாய்ந்தது. ஆனால் எல்லைக்கோடு அதற்கு முன்பே போட்டாகிவிட்டது.

அதற்காக எண்ணெய்க்குப் பங்கே இல்லை என்று மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. எண்ணெய் வருமுன்பே எண்ணெய் ஆசை வந்துவிட்டது. 1920இல் சான் ரெமோவில் பிரிட்டனும் பிரான்சும் மெசபடோமியா எண்ணெயில் பங்கு பிரித்துக்கொண்டன. 1925 மார்ச்சில், பெயரில் மட்டும் துருக்கியான, ஐரோப்பியக் கம்பெனிகளின் துருக்கி பெட்ரோலியம் கம்பெனி பாக்தாத் அரசிடம் உரிமையை எழுதி வாங்கிவிட்டது. 1926இல் மோசுலை விட்டுக்கொடுத்த துருக்கிக்கு 25 வருஷத்துக்கு எண்ணெய் வருமானத்தில் 10 சதவீதம் என்று பேசி முடித்தார்கள். இந்தப் பங்கு பிரிப்பு எதிலும் குர்துகளுக்கு இலை போடவில்லை.

எண்ணெய் விலை ஏறினால் குர்துகளின் கை ஓங்கும் என்பதும் இதோடு ஒட்டிய நினைப்புதான். 1970 மார்ச் 11 அன்று குர்துக் கிளர்ச்சித் தலைவர் முல்லா முஸ்தஃபா பர்சானிக்கும் பாக்தாத்துக்கும் தன்னாட்சி உடன்பாடு ஏற்பட்டது. பேச்சு இழுபறியான முக்கியமான இடம் கிர்குக். இதற்கிடையில் 1972இல் இராக் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியது, 1973 கடைசியில் உலகச் சந்தையில் விலை பல மடங்கானது. பணம் வந்து சேர்ந்தது பாக்தாத்தின் கஜானாவில். அந்தப் பணம் ராணுவமானது. 1975இல் அல்ஜியர்ஸில், அதுவரை குர்துகளுக்கு உதவிவந்த ஈரான் மன்னர் ஷாவும் இராக்கின் சதாமும் கைகுலுக்கியதும் குர்துக் கிளர்ச்சி சரிந்தது. அடுத்த வருஷம் கிர்குக் மாகாணத்தின் பெயரையே 'தஃமீம்' என்று மாற்றினார்கள். நாட்டுடைமை என்று பொருள். ஊர்ப் பெயரிலேயே ரசீது எழுதி ஒட்டியதுபோல.

"எண்ணெய் யார் மண்ணிலோ, பணம் அவர்கள் கையில்"

இதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். குர்திஸ்தானுக்குக் கடல் கிடையாது. சுற்றிலும் துருக்கி, ஈரான், சிரியா, மிச்ச இராக். கிணற்றில் எடுத்த கச்சா எண்ணெய் பணமாக மாற வேண்டுமானால் குழாய் வேண்டும், துறைமுகம் வேண்டும், வழக்குப் பயமில்லாமல் வாங்க ஆள் வேண்டும்.

2014 கோடையில் நடந்த ஒரு விஷயம் இதைப் பட்டென்று விளக்கும். எர்பில் அரசு பாக்தாத்தைக் கேட்காமல் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வழியாகச் சொந்தமாக எண்ணெய் விற்கத் தொடங்கியிருந்த நேரம். 'யுனைடெட் கலவ்ரைட்டா' என்ற கப்பல் சுமார் 10 லட்சம் பீப்பாய் எண்ணெயோடு அமெரிக்காவின் டெக்சாஸ் கரைக்கு அருகே போய் நின்றது. சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 10 கோடி டாலர். 'அது எங்கள் எண்ணெய்' என்று இராக் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. கப்பல் அமெரிக்கக் கடல் எல்லைக்குள் நுழைந்தால் சரக்கைப் பறிமுதல் செய்யலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார். கப்பல் எல்லைக்கு வெளியே மாதக்கணக்கில் நின்றுவிட்டு, இறக்காத சரக்கோடு திரும்பிப் போனது.

அதே வருஷம் ஜூனில் ஐஎஸ் படை மோசுலைப் பிடிக்க, இராக் ராணுவம் ஓட, குர்துகளின் படையான பெஷ்மர்கா கிர்குக்குக்குள் நுழைந்தது. எர்பிலில் கொண்டாட்டம். நூறாண்டுக் கனவு ஊரும் கையில், எண்ணெயும் கையில். குர்திஸ்தானின் அன்றைய அதிபர் மசூத் பர்சானி தனி நாட்டுக்கான பொது வாக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்யச் சொன்னதும் அடுத்த மாதமே. ஆனால் பட்ஜெட்டில் குர்திஸ்தானுக்கு வரவேண்டிய 17 சதவீதப் பங்கை பாக்தாத் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தது. 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அரசுச் சம்பளத்தை நம்பிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்த இடத்தில் சம்பளம் தள்ளிப்போனது, அப்புறம் வெட்டப்பட்டது, மேல்நிலையில் இருந்தவர்களுக்கு முக்கால் பங்கு வரை. ஆசிரியர்கள் வீதிக்கு வந்தார்கள். எர்பில் அரசு இனி எடுக்கப்போகும் எண்ணெயைக் காட்டி வர்த்தகக் கம்பெனிகளிடம் முன்பணம் வாங்கியது. விளையாத நெல்லுக்கு அடகு வைத்த மாதிரி.

2017 செப்டம்பர் 25 வாக்கெடுப்பில் 92 சதவீதத்துக்கும் மேல் 'ஆம்'. வாக்குச்சீட்டில் இருந்தது சுதந்திரம், எண்ணெய் அல்ல. 1988இல் சதாம் அரசு நடத்திய அன்ஃபால் படுகொலையையும் ஹலப்ஜா ஊரின் மேல் விழுந்த விஷவாயுவையும் கண்ட தலைமுறைக்கு எண்ணெய் விலையைப் பார்த்துத்தான் நாடு வேண்டும் என்று தோன்றியது என எழுதுவது, சொல்லப்போனால், கொஞ்சம் அவமானமும்கூட. ஆனால் அந்த 'ஆம்' நிற்குமா என்பதை எண்ணெய் தீர்மானித்தது. குழாயின் வால்வு எங்கள் கையில் என்று துருக்கி அதிபர் எர்துவான் வாக்கெடுப்பு நாளிலேயே எச்சரித்தார். மூன்றே வாரத்தில், அக்டோபர் 16 அன்று, இராக் படை கிர்குக்கைத் திரும்பப் பிடித்தது. எர்பில் அரசு ஏற்றுமதி செய்த எண்ணெயில் பெரும் பங்கு ஒரே நாளில் போயிற்று. அந்த வாரமே ரஷ்யாவின் எண்ணெய்க் கம்பெனி ரோஸ்னெஃப்ட், குர்திஸ்தானின் ஏற்றுமதிக் குழாயில் 60 சதவீதம் தனதாகும் என்று அறிவித்தது.

மிச்சம் இருந்ததையும் நீதிமன்றங்கள் பார்த்துக்கொண்டன. 2022 பிப்ரவரியில் குர்திஸ்தானின் எண்ணெய்ச் சட்டம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று இராக் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 மார்ச்சில் பாரிஸ் நடுவர் மன்றம், இராக்கைக் கேட்காமல் குர்திஸ்தான் எண்ணெயைத் தன் குழாய் வழியே போக விட்டதற்காக துருக்கி சுமார் 150 கோடி டாலர் தர வேண்டும் என்றது. துருக்கி குழாயை மூடிவிட்டது. தினம் 4 லட்சம் பீப்பாய்க்கு மேல் போன குழாய் இரண்டரை வருஷம் காய்ந்து கிடந்தது. 2025 செப்டம்பரில் திரும்ப ஓடத் தொடங்கியபோது, விற்பவர் எர்பில் அல்ல. பாக்தாத் அரசின் எண்ணெய் விற்பனை நிறுவனமான சோமோ.

"4,500 கோடி பீப்பாய் இருக்கிறதே"

குர்திஸ்தான் அரசு ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த எண் இது. மலைக்கடியில் இருக்கலாம் என்ற மதிப்பீடும், காசு போட்டால் எடுக்க முடியும் என்று உறுதியான இருப்பும் ஒன்றல்ல. குர்திஸ்தானின் தக் தக் எண்ணெய் வயலின் இருப்பு பின்னாளில் கடுமையாகக் குறைத்து எழுதப்பட்டது. 2011இல் பெரிய பரபரப்போடு வந்த அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்மொபில் சத்தமில்லாமல் வெளியேறியது. செய்தியில் 'கண்டுபிடிப்பு' என்று வந்தால் அது எந்த வகை எண் என்று பாருங்கள்.

"எண்ணெய் பெருகினால் தினார் ஏறும்"

இப்போது மாமாவின் கட்டுக்கு வருவோம். முதலில், குர்திஸ்தானுக்குத் தனி நாணயம் கிடையாது. எர்பிலில் புழங்குவது பாக்தாத் அச்சிடும் இராக்கி தினாரும் அமெரிக்க டாலரும்தான். அங்கே கடையில் 100 டாலர் நோட்டு ஒரு 'வரகா', அதாவது ஒரு தாள். 10,000 டாலர் ஒரு 'தஃப்தர்', ஒரு நோட்டுப்புத்தகம். சந்தையில் ரேட்டும் 100 டாலருக்கு இத்தனை தினார் என்றுதான் சொல்வார்கள்.

தினாரின் விலை எங்கே தீர்மானமாகிறது? இராக் எண்ணெயை டாலருக்கு விற்கிறது. அந்த டாலர் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குக்குப் போகிறது. இராக் மத்திய வங்கி அரசிடம் டாலரை வாங்கிக்கொண்டு தினார் கொடுக்கிறது. அரசு அதில் சம்பளம் போடுகிறது. அப்புறம் இறக்குமதிக்காரர்களுக்கு வங்கிகள் வழியாக டாலரை விற்றுத் தினாரைத் திரும்ப வாங்குகிறது. ஆக விலை என்பது அரசு நிர்ணயிப்பது; அதைத் தாங்கிப் பிடிப்பது கையிருப்பு டாலர். இந்தச் சங்கிலியில் மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெய்க்கு இடமே இல்லை. விற்ற எண்ணெய்க்குத்தான் இடம். அதிலும் பெரும்பகுதி தெற்கே பாஸ்ராவில் இருந்து வருவது. குர்திஸ்தானில் ஒரு புது வயல் தினாரை அசைத்துவிடாது.

சரிபார்க்க வேண்டுமா? 1980களில் அரசு விலையில் 1 தினாருக்கு 3 டாலருக்கு மேல். 1990களின் நடுவில் பொருளாதாரத் தடையும் நோட்டு அச்சடிப்பும் சேர்ந்து 1 டாலருக்கு ஆயிரக்கணக்கில் தினார் என்றானது. நிலத்தில் எண்ணெய் அப்படியேதான் இருந்தது. 2020 டிசம்பரில், கொரோனாவால் எண்ணெய்ப் பணம் வற்றியதும், 1 டாலருக்கு 1,190 தினார் அளவில் இருந்த ரேட்டை அரசே 1,450 ஆக்கியது. அதே டாலருக்கு அதிக தினார் வந்தால் சம்பளம் போட்டுவிடலாம் அல்லவா? 2023 பிப்ரவரியில் 1,300 என்று மாற்றியது. அந்தச் சமயத்தில் வீதியில் டாலர் 1,600ஐத் தாண்டியதற்குக் காரணம், டாலர் கடத்தலைத் தடுக்க நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி போட்ட புது விதிகள். இத்தனை ஏற்ற இறக்கத்திலும் எண்ணெய்க் கண்டுபிடிப்பு ஒன்றுகூடக் காரணமில்லை.

குவைத் ஒப்பீடு ஏன் தவறு என்றால், 1990இல் சதாம் ஒழித்த குவைத் தினார், 1991இல் திரும்ப வந்தபோது அளவுக்கு மீறி அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை. இராக்கி தினார் அச்சடித்தே நீர்த்துப்போனது. வாரிசுக்குச் சொத்து திரும்பக் கிடைப்பதும், விற்றுத் தின்ற சொத்து திரும்ப வருவதும் ஒன்றா?

குர்துகளுக்கும் நாணயத்துக்கும் உண்மையிலேயே சுவையான கதை ஒன்று உண்டு. அதில் எண்ணெயே இல்லை. (அதற்கும் முந்தைய கதை நமக்கு நெருக்கமானது: 1932இல் தினார் வரும்வரை இராக்கில் செல்லுபடியானது இந்திய ரூபாய். 13 ரூபாய் 5 அணா 4 பை கொடுத்தால் 1 தினார்.) 1991க்குப் பின் குர்துப் பகுதி பாக்தாத்தின் பிடியிலிருந்து நழுவியது. 1993இல் பாக்தாத், குதிரைகள் படம் போட்ட பழைய 25 தினார் நோட்டு செல்லாது என்று அறிவித்தது. தெற்கே சதாம் முகம் போட்ட மட்டமான நோட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. வடக்கே மக்கள் பழைய நோட்டையே வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் அச்சானதுதான் என்றாலும் 'சுவிஸ் தினார்' என்று பெயர். அதற்குப் பின்னால் அங்கீகாரம் பெற்ற அரசு இல்லை, மத்திய வங்கி இல்லை, எண்ணெய் ஏற்றுமதியும் இல்லை. கிழிந்த நோட்டை ஒட்டி ஒட்டிப் புழங்கினார்கள். ஆனால் புதிதாக ஒரு நோட்டைக்கூட யாராலும் அச்சடிக்க முடியாது. அந்த ஒரு காரணத்தாலேயே அதன் மதிப்பு நின்றது. சதாம் விழுவார் என்ற பேச்சு வலுத்தபோது, வரப்போகும் அரசு இதை மதிக்கும் என்ற நம்பிக்கையில் இன்னும் ஏறியது. 2003 அக்டோபரில் புது தினார் வந்தது. ஒரு சதாம் தினாருக்கு ஒரு புது தினார். ஒரு சுவிஸ் தினாருக்கோ 150.

"குர்துகள் என்றால் ஒரே கட்சி, ஒரே நாடு"

நான்கு நாடுகளில் பரந்து கிடக்கும் மக்களை எர்பிலில் வைத்து எடை போடக் கூடாது. எர்பிலுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. குர்திஸ்தானின் இரண்டு பெரிய கட்சிகளான பர்சானி கட்சியும் தலபானி கட்சியும் 1990களில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டன. எல்லைச் சுங்க வருமானம் அதில் ஒரு காரணம். 2017இல் கிர்குக்கை விட்டது யார் என்று இன்றுவரை சண்டை. துருக்கி எல்லைக்குள் குர்துகள் நிறைந்த ஷர்னாக் மாகாணத்தில், கபார் மலையில் எண்ணெய் கிடைத்திருப்பதை 2022 டிசம்பரில் எர்துவான் அறிவித்தார். அது போவது துருக்கித் தலைநகர் அங்காராவுக்கு. துருக்கியின் நாணயமான லீராவுக்காவது நல்லதா என்றால், அப்போது 1 டாலருக்கு 19 லீராவுக்குச் சற்றுக் குறைவு. 2025இல் 40ஐத் தாண்டியது.

மாமாவிடம் இதில் பாதியைச் சொல்வதற்குள் காபி ஆறிவிட்டது. பொறுமையாகக் கேட்டார். "சரி, அப்ப இதை மாத்திடலாமா?" என்றார். போன வாரமே நோட்டு மாற்றும் கடையில் கேட்டுப் பார்த்தாராம். இராக்கி தினாரா, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கதிர்க்கட்டுடன் நின்ற அந்தப் பெண்ணை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, திரும்ப பீரோவில் வைத்தார்.