மதுரைச் சீமையில் மூதாதையரைத் தேடுவோருக்கு

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் தம் முன்னோரைத் தேடத் தொடங்குபவர்கள், எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்பு, குடும்பத்தில் இருக்கும் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பத்திரங்களும் பட்டாக்களும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களையே சுமந்திருப்பதால், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், யாருக்குப் பெண் கொடுத்தார்கள், இளவயதில் இறந்த குழந்தைகள் எத்தனை என்பவை அப்பத்தாக்களுக்கும் அம்மாச்சிகளுக்கும் மட்டுமே தெரியும். அவர்கள் ஆண்டைச் சொல்லாமல் நிகழ்ச்சியைச் சொல்வார்கள். முல்லைப் பெரியாற்று அணைத் தண்ணீர் முதலில் வந்த காலம் என்றால் 1895-ஐ ஒட்டியது. தாது வருடம் என்றால் பெரும் பஞ்சம் தலையெடுத்த 1876 ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு சுற்றி வந்த 1936 ஆகவும் இருக்கலாம் என்பதால், அப்போது யார் கைக்குழந்தை, யாருக்குத் திருமணம் ஆகியிருந்தது என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய பத்திரங்களைப் பார்க்க வேண்டும். இவற்றில் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு இணையானது வேறில்லை. அண்ணன் தம்பிகள் அனைவரும் தகப்பனார் பெயரோடு ஒரே இடத்தில் வரிசையாக இருப்பார்கள். வாய்மொழியாகவே பிரித்துக்கொண்ட குடும்பங்களில், கிரையப் பத்திரத்தின் நான்கெல்லை விவரம் கைகொடுக்கும். பங்காளிகளின் வயல்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும் என்பதால், இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு என்று வரும் பெயர்களில் மறந்துபோன கிளை ஒன்று வெளிப்படக்கூடும். பத்திரம் தொலைந்திருந்தால், ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில், அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று கேட்கலாம். 1979-க்குப் பிறகு, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். பணியில் உட்பிரிவுகள் மாறியிருக்கலாம் என்பதால் பழைய எண்ணையும் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

பலர் கவனிக்காமல் விடும் ஆவணம் மொய் நோட்டு. திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்தவர்களின் ஊரும் பெயரும் அதில் இருப்பதால், உறவு எந்தெந்த ஊர்களில் பரவியிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தாய்மாமன் செய்த சீர் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், தாய்வழிக் குடும்பத்தின் ஊரும் தெரிந்துவிடும்.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும்போது, கோயில் வரி வசூலிப்பவரிடம் உள்ள, வரி கொடுக்கும் குடும்பங்களின் பெயர்கள் அடங்கிய தலைக்கட்டு நோட்டைப் பார்க்க அனுமதி கேட்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் தம் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தொடங்கலாம்; அதில் பெற்றோர் இருவரின் பெயரும் இருப்பது பெரும் உதவி. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் பெயரை நம்பலாம், பிறந்த தேதியை நம்ப வேண்டாம். அந்நாளில் பல பிள்ளைகளுக்கு ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொண்டார்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். ஆகவே, ஒவ்வொரு பெயருக்கும் அருகில் தகப்பனார் பெயர், மனைவியின் பெயர், மனைவி பிறந்த ஊர், செய்தி கிடைத்த இடம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மனைவியின் ஊர் தெரிந்தால், ஒரே பெயர் கொண்ட இருவரையும் பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம்.