பூட்டு இருந்தும் களவு போகும் சைக்கிள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் சைக்கிள் கடை நடத்தும் எனக்கு, பூட்டு வாங்க வருகிறவர்களைவிட, பூட்டியிருந்தும் சைக்கிளைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் பேசும் நேரமே அதிகம். விடியற்காலையில் கே.ஆர்.பி. அணை வரை மிதித்துச் சென்று திரும்பும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். கியர் சைக்கிளின் டயர் அகலம், பிரேக் வகை, ஃபிரேமின் உலோகம் ஆகியவற்றை வாரக்கணக்கில் ஆராய்ந்து வாங்கும் அவர்கள், பூட்டை மட்டும் பணம் கொடுத்து முடித்த பிறகு, கிளம்பும் நேரத்தில், கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதும், உடனே திரும்பிவிடலாம் என்று பூட்டாமல் கடைக்குள் நுழைவதும் தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை; பூட்டிய சைக்கிள் ஏன் போகிறது என்பதே இங்கே பேசவேண்டிய விஷயம்.

பின்சக்கரப் பூட்டை முழுப் பாதுகாப்பு என்று எண்ணுவது

நம் ஊர்ச் சாதாரண சைக்கிள்களில் கடையிலேயே பொருத்தித் தரப்படும் வளையப் பூட்டு, ஸ்போக் கம்பிகளுக்கு இடையில் ஒரு கொண்டியைச் செலுத்திச் சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுப்பது. சைக்கிளை ஒருவர் மிதித்துக்கொண்டு போக முடியாது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். மலிவான வளையப் பூட்டுகளில் ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறந்துவிடுவதைக் கடையில் இருப்பவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். பூட்டை ஃபிரேமோடு பிணைக்கும் திருகுகளும் பல மாதிரிகளில் வெளிப்புறமாகவே இருக்கின்றன. கண்ணெதிரே நிற்கும் சைக்கிளுக்கு அது போதும். கண்ணுக்கு மறைவாக நிற்கும் சைக்கிளுக்கு அது துணைப்பூட்டு மட்டுமே.

பிடிமானம் இல்லாமல் பூட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைப் பொறுமை இழக்கச் செய்யும் தவறு இதுதான். எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தை விழுங்குவதும் இதுதான்.

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து சைக்கிள் வாங்கியபோது, என் பேச்சைக் கேட்டு நல்ல யூ-லாக் (ஆங்கில U எழுத்தைப் போல வளைந்த கொண்டியுள்ள பூட்டு) ஒன்றையும் வாங்கினார். தடித்த கொண்டி, இருபுறமும் பற்றிக்கொள்ளும் அமைப்பு, எளிதில் கள்ளச்சாவி போட முடியாத சாவித் துவாரம் என்று அந்தப் பூட்டில் குறைசொல்ல எதுவும் இல்லை. சில மாதங்கள் கழித்து வந்து, "அண்ணா, பூட்டோடயே தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். பூட்டை எதில் மாட்டியிருந்தார் என்று கேட்டேன். முன்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துப் பூட்டியிருந்தார். அதற்கு அப்பால் எதிலும் மாட்டவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ எடையுள்ள சைக்கிளை ஒருவர் தோளில் தூக்கிச் சென்று, தெருமுனையில் நிற்கும் ஒரு லோடு ஆட்டோவில் வைத்துவிட்டால், பூட்டை உடைக்கும் வேலையை வேறொரு ஊரில், மூடிய அறைக்குள், நிதானமாகச் செய்துகொள்ளலாம். மாட்டின் கயிற்றை முளையில் கட்டாமல் அதன் காலிலேயே சுற்றிவிட்டு வருவதற்கு ஒப்பான காரியம் இது. பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலை ஆகிய நான்கு திசைகளுக்கும் நெடுஞ்சாலைகள் பிரியும் நம் ஊரில், வண்டியில் ஏறிவிட்ட சைக்கிள் எந்தத் திசையில் போனது என்று தேடுவது எவ்வளவு கடினம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சைக்கிளை அசையாத ஒரு பொருளோடு சேர்த்துத்தான் பூட்ட வேண்டும் என்று சொன்னால், எல்லோரும் தலையசைக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சைக்கிளைப் பிணைப்பதற்கென்றே தரையில் பதித்த இரும்பு வளைவுகள் நம் ஊர்த் தெருக்களில் இல்லை. கிடைப்பதைப் பிடிமானமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது, கிடைப்பவற்றில் பாதி பிடிமானமே இல்லை. கடை முன்னால் இருக்கும் பெயர்ப்பலகைக் கம்பம் உறுதியாகத் தோன்றும். அடியில் குனிந்து பார்த்தால் இரண்டு போல்ட்டுகள்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும், ஒரு ஸ்பேனர் இருந்தால் அவை கழன்றுவிடும். மரக்கன்றுக்குப் போட்ட இரும்புக் கூண்டு மண்ணில் சொருகப்பட்டதே தவிர ஊன்றப்பட்டதன்று. நம் பகுதியில் தோட்டத்து வேலிக்கும் காலி மனைக்கும் நடும் கல்தூண்களை அசைக்க முடியாதுதான். ஆனால் இடுப்பளவே உயரமுள்ள தூணைச் சுற்றிச் சங்கிலி போட்டால், சங்கிலியை மேலே உருவி எடுத்துவிடலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மின்கம்பத்தில் பூட்டவே கூடாது. மின்கம்பத்திலும் அதை இழுத்துப் பிடிக்கும் கம்பியிலும் கால்நடைகளைக் கட்டாதீர்கள் என்று மின்வாரியம் மழைக்காலந்தோறும் எச்சரிக்கிறது. முழுக்க உலோகத்தாலான சைக்கிளுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும், அதைத் தொடப்போவது நம் கை என்பதால்.

இவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியது வீட்டு இரும்புக் கேட். பழையபேட்டைப் பக்கம் குடியிருக்கும் ஆசிரியர் ஒருவர், கேட்டின் கம்பியோடு சைக்கிளைச் சேர்த்து நல்ல சங்கிலியால் பூட்டிவிட்டு உறங்கச் சென்றார். காலையில் கேட் சுவரில் சாய்ந்திருந்தது, சைக்கிள் இல்லை. நம் வீட்டுக் கேட்டுகள் பெரும்பாலும் கீல் முளையின் மேல் வெறுமனே உட்கார்ந்திருப்பவை. இருவர் சேர்ந்து மேல்நோக்கித் தூக்கினால் கழன்று வந்துவிடும். அவர் சங்கிலியைக் கோத்திருந்த நேர்க்கம்பியின் மேல்முனையும் திறந்தே இருந்ததால், கேட்டைக் கழற்றிச் சாய்த்தபின் சங்கிலியை உருவ எந்தத் தடையும் இருக்கவில்லை. வாங்கிய சங்கிலிக்கு எந்தச் சேதமும் ஏற்படாமல், அது சைக்கிளோடு சேர்ந்தே போயிற்று.

நல்ல பிடிமானத்துக்கு மூன்று தன்மைகள் வேண்டும். தரையிலோ சுவரிலோ சிமெண்டால் பதிந்திருக்க வேண்டும். இரு முனையும் மூடியிருக்க வேண்டும். உங்கள் பூட்டின் வளையத்துக்குள் அடங்கும் பருமன் இருக்க வேண்டும். சுவருக்குள் பதித்த ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடியின் வெல்டிங் செய்த குறுக்குக் கம்பி, கான்கிரீட்டில் ஊன்றிய தடுப்புக் குழாய் ஆகியவை இத்தகையவை. வீட்டில் இப்படி எதுவும் இல்லையென்றால், 16 எம்.எம். முறுக்குக் கம்பியை வளைத்து, இரு முனைகளையும் தரைக் கான்கிரீட்டில் ஆழப் பதித்துத் தரும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். வீட்டுக்காரர் அனுமதித்தால் அரைநாள் வேலை. பூட்டு வாங்கும் முன்பே, சைக்கிள் பகலில் எங்கே நிற்கும், இரவில் எங்கே நிற்கும் என்பதை முடிவுசெய்து, அங்குள்ள பிடிமானத்தின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து கொண்டுவாருங்கள். அந்த நூலைப் பார்த்த பிறகுதான் யூ-லாக்கா, சங்கிலியா என்று என்னால் பொறுப்போடு சொல்ல முடியும்.

கேபிள் லாக்கைத் தடிமன் பார்த்து வாங்குவது

கேபிள் லாக்கின் வெளித்தடிமனில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறைதான். உள்ளே இருப்பது மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி. முழுத் தடிமனையும் ஒரே வெட்டில் துண்டிக்கத் தேவையில்லை, கட்டிங் பிளேயரால் இழை இழையாக நறுக்கிக்கொண்டே போகலாம், சத்தமும் எழாது. சீட்டையும் முன்சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிவைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சங்கிலியையும் பூட்டையும் தனித்தனியாக மதிப்பிடாமல் விடுவது

ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் விற்கும் சங்கிலி சாதாரண மென்னிரும்பு. அதைத் திண்டுக்கல் பூட்டோடு சேர்த்து வாங்கிச் செல்கிறவர்கள், பூட்டின் புகழ் சங்கிலிக்கும் சேர்ந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் நெம்புகோல் அமைப்பு கள்ளச்சாவிக்காரனுக்குத்தான் தடையே தவிர, ஆக்சா பிளேடு வைத்திருப்பவன் பூட்டின் பக்கமே வரமாட்டான், சங்கிலியை அறுத்துவிடுவான். சங்கிலி கடினப்படுத்தப்பட்டதா என்று அறிய, கடைக்காரர் சம்மதித்தால், கண்ணியின் ஓரத்தில் ஒரு அரத்தை அழுத்தி இழுத்துப் பாருங்கள். மென்னிரும்பாக இருந்தால் அரம் பற்றிக்கொண்டு துகளை உதிர்க்கும். கடினப்படுத்திய எஃகாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். பூட்டின் கொண்டியிலும் இதையே செய்து பார்க்க வேண்டும்.

அட்டைப்பெட்டியின் வாசகங்களை நம்புவது

கொண்டியின் மில்லிமீட்டர் அளவைப் பாருங்கள்.

பிரிட்டனின் சோல்டு செக்யூர் போன்ற சோதனை அமைப்புகள் தரும் வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்னும் தரமுத்திரை பெட்டியில் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. நம் கடைகளுக்கு வரும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றில் அது இருப்பதில்லை. அளவு ஒன்றே நமக்கு மிஞ்சும் ஆதாரம்: கடினப்படுத்திய எஃகில் 13 எம்.எம். கொண்டி சாதாரண போல்ட் கட்டரை, அதாவது இரும்பு வெட்டும் நீண்ட கைப்பிடிக் கத்தரியைத் தாங்கும், 16 எம்.எம். அல்லது அதற்கு மேல் என்றால், கையால் இயக்கும் பெரிய போல்ட் கட்டரும் எளிதில் வெல்லாது. சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்குச் செலவிட வேண்டும் என்று பலரும் சொல்லும் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. ஆறாயிரம் ரூபாய் சைக்கிள் இரவு முழுவதும் தெருவில் நிற்குமானால் அறுநூறு ரூபாய்ப் பூட்டு போதாது. இடத்தைப் பார்த்துத்தான் பூட்டுக்குச் செலவிட வேண்டும், சைக்கிளின் விலையைப் பார்த்து அன்று.

பெரிய யூ-லாக் சிறந்தது என்று எண்ணுவது

பூட்டியபின் உள்ளே எஞ்சும் இடைவெளி, திருடனுக்குக் கிடைக்கும் இடம். அந்த இடைவெளியில் ஒரு சிறிய ஜாக்கியை நுழைத்து விரித்தால் கொண்டி வளைந்துவிடும். பிடிமானம், பின்சக்கர ரிம், ஃபிரேம் ஆகிய மூன்றையும் இறுக்கமாக நிரப்பும் அளவே சரியான அளவு. முன்சக்கரத்தை மட்டும் பூட்டக்கூடாது. கருவி இல்லாமல் கையாலேயே சக்கரத்தைக் கழற்றும் குயிக் ரிலீஸ் உள்ள சைக்கிளில் முன்சக்கரத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துச் சென்றுவிடுவார்கள்.

நம்பர் லாக்கில் ஒரே எண்ணை மட்டும் மாற்றிவைப்பது

அவசரத்தில் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு புள்ளி திருப்பிவிட்டுச் செல்லும் பழக்கம் பெரும்பாலோரிடம் உண்டு. அதைத் திறக்க ஒன்பது முயற்சிகள் போதும். மூன்று இலக்கப் பூட்டு என்றால் மொத்தமே 1,000 சேர்க்கைகள்தான், பொறுமையுள்ளவனுக்கு அரைமணி நேர வேலை. சாவி தொலைந்துபோகும் என்ற அச்சத்துக்காக நம்பர் லாக் வாங்குகிறவர்கள், குறைந்தது நான்கு இலக்கம் உள்ளதை வாங்கி, எல்லாச் சக்கரங்களையும் கலைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

பூட்டைத் தரையில் கிடக்கவிடுவது

தரை, போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடிக்குத் தாங்கலாகிவிடும், உயர்த்திப் பூட்டுங்கள்.

சாவித் துவாரத்தில் எண்ணெய் விடுவது

எண்ணெயும் நம் ஊர்க் கல்தூசியும் சேர்ந்தால் பசையாகிவிடும். கிராஃபைட் தூள் போடுங்கள்.

சத்தம் கேட்டால் யாராவது வருவார்கள் என்று நம்புவது

பேட்டரியில் ஓடும் கட்டிங் மெஷின் வந்த பிறகு, சாதாரண யூ-லாக் எதுவும் அதன் முன் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. தீப்பொறியும் இரைச்சலும் திருடனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது மற்ற ஊர்களுக்குப் பொருந்தலாம். கிரானைட் அறுக்கும் பட்டறைகளும் கிரில் பட்டறைகளும் நிறைந்த கிருஷ்ணகிரியிலும் அதைச் சுற்றியும் அந்த ஓசை அன்றாட ஓசை, அதைக் கேட்டு ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே, பட்டறைகள் உள்ள தெருவில் சைக்கிளை நிறுத்துவதைவிட, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் டீக்கடைக்கு எதிரே, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துவது மேல். கட்டிங் மெஷினைத் தாங்கும் பூட்டுகளும் சில ஆண்டுகளாக வெளிநாட்டுச் சந்தையில் உள்ளன. அவற்றின் விலை நம்மில் பலருடைய சைக்கிளின் விலையைவிட அதிகம்.

அடையாளம் இல்லாமல் வைத்திருப்பது

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகள், ஓர் ஆண்டில் வந்தவை எல்லாம் ஒரே நிறம், ஒரே அமைப்பு. பள்ளி வாசலில் நிற்கும் நூறு சைக்கிள்களில் தன்னுடையது எது என்று பிள்ளைகளே பூட்டைப் பார்த்துத்தான் கண்டுகொள்கிறார்கள். பூட்டு போனபின் உரிமைக்கு என்ன ஆதாரம் இருக்கும்? சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினால், பெடல் அச்சு செல்லும் கூட்டின் அடியில் ஃபிரேம் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதையும் முழுச் சைக்கிளையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் குழாயின் உட்பக்கம் ஒரு துண்டுத் தாளில் பெயரையும் எண்ணையும் எழுதி, பிளாஸ்டிக்கில் சுற்றிச் செருகிவைப்பதும் நல்லது.

வாங்கிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 303-ஆம் பிரிவின் கீழ் சைக்கிள் திருட்டும் திருட்டுதான். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை தானாகப் புலன்விசாரணை நடத்த முடியாத வகையில் அது சேர்ந்துவிடும். மதிப்பைக் காட்டும் ரசீதும் ஃபிரேம் எண்ணும் கையில் இருந்தால், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை கேட்பதற்கு அவை வலுச்சேர்க்கும். அப்போதைக்கு மனு ரசீது மட்டுமே தந்தாலும் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த ரசீதின் நகலையும் ஃபிரேம் எண்ணையும் அன்றைக்கே ஊரில் உள்ள பழைய சைக்கிள் வாங்கி விற்கும் கடைகளிலும், காயலான் கடைகளிலும், ஓசூரிலும் தருமபுரியிலும் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குகளிடமும் கொடுத்துவையுங்கள்.