லாரி விபத்தில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி? முதல் நாளிலிருந்து

சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியில் இரவு நேரத்தில் பைக் மோதி என் மச்சானுக்குக் கால் உடைந்தது. அந்த வழக்கை ஆரம்பம் முதல் கடைசிவரை நான்தான் அலைந்து பார்த்துக்கொண்டேன். 108-ஐக் கூப்பிடுவது, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். சேர்க்கும்போதே ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியா என்று மட்டும் கேளுங்கள், முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கும். எவ்வளவு பணம் கைக்கு வரும் என்பதில் பாதி, முதல் வாரத்தில் சேர்க்கும் காகிதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. லாரி அங்கே இருக்கும்போதே போட்டோ

குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், இன்னொருவர் விபத்து நடந்த இடத்துக்குப் போகட்டும். கிரேன் வந்து வண்டியை நகர்த்திவிட்டால் அப்புறம் எதுவும் கிடைக்காது. லாரியின் பின்பக்கத்தை நேராக, கிட்டத்தில் எடுங்கள்: பார்க்கிங் லைட் எரிகிறதா, சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறதா, சேறு மூடியிருக்கிறதா, பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைத்திருக்கிறார்களா, சக்கரம் தார்ச்சாலைக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தால் ஃபிளாஷ் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. டிரெய்லர் என்றால் முன்னால் இழுக்கும் வண்டிக்கு ஒரு எண், பின்னால் இருக்கும் டிரெய்லருக்கு வேறு எண். இரண்டையும் எடுங்கள், இன்சூரன்ஸும் தனித்தனியாக இருக்கலாம்.

2. எஃப்ஐஆர் வாசகம்

நாங்கள் அதிகம் மல்லுக்கட்டியது இங்கேதான். ஸ்டேஷனில் முதலில் எழுதிய வரி இதுதான்: “நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் அஜாக்கிரதையாக மோதியதில்.” படித்தால் முழுத் தப்பும் அடிபட்டவர் மேல். விளக்கு எரியாததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இது இப்படியே கோர்ட்டுக்குப் போனால் இன்சூரன்ஸ் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டே தொகையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும். மச்சானுக்கு நினைவு தெளிந்ததும் அவர் சொல்லச் சொல்ல நடந்ததை எழுதி, போட்டோக்களை இணைத்து, கூடுதல் வாக்குமூலமாகப் பதிவு செய்யக் கேட்டு ஆய்வாளரிடம் கொடுத்தோம். ஒரு நகலை எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்தத் தபால் ரசீதுக்கு இருந்த மரியாதை நேரில் போய்ப் பேசியதற்கு இருக்கவில்லை.

எஃப்ஐஆர் உங்களுக்கு எதிராகவே இருந்தாலும் இழப்பீட்டு மனு செத்துவிடாது. இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் கிரிமினல் கோர்ட் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்லாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்க்கும். அதற்குத்தான் பார்வை மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (இடத்தின் வரைபடம்), எம்.வி.ஐ. ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துத் தரும் அறிக்கை) மூன்றையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். 2022-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தர வேண்டும். தந்தார்களா என்று நாம்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

3. இன்சூரன்ஸ் யார்?

எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் விவரம், எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரை என்பதெல்லாம் வரும். புரோக்கரிடம் இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். விபத்து நடந்த அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

4. ஊனமும் வருமானமும்

பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), எக்ஸ்ரே எல்லாம் ஒரே ஃபைலில். வாட்ஸ்அப்பில் இருக்கும் படம் போதாது, அசல் வேண்டும்.

மருத்துவக் குழு தரும் ஊன சதவீதமும், சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் (2011) தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே உதாரணம் சொல்கிறது: இடது கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம், அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். ஆகவே உங்கள் வேலை என்ன, நாள் முழுக்க நிற்க வேண்டுமா, பளு தூக்க வேண்டுமா என்பதை மனுவிலும் சாட்சியத்திலும் விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்கு இப்படி: வயது 34, சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய், திறன் இழப்பு 30 சதவீதம் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,80,000. எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. வருட இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு பெருக்கல் எண் உண்டு, 31–35 வயதுக்கு அது 16. பெருக்கினால் 40,32,000, அதில் 30 சதவீதம் 12,09,600 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். சம்பளச் சீட்டு இல்லையே என்று பயப்பட வேண்டாம். சீட்டே இல்லாத காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. பேங்க் பாஸ்புக், ஜிபே வரவு, கடை வாடகை ரசீது எது இருந்தாலும் கொடுங்கள்.

5. மனு

நீங்கள் குடியிருக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் கெடு, விபத்து நடந்ததிலிருந்து ஆறு மாதம். அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, அவற்றை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பிரிவு 164-இல் யார் தப்பு என்று நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிரிழப்புக்கு ஐந்து லட்சம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், எதிர்த்தரப்பின் தப்பைக் காட்டி முழு இழப்பீடு கேட்டுப் பிரிவு 166-இல் போட்ட மனு போய்விடும். மேலே போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லாரி ஓனர் தரப்பில் ஆஸ்பத்திரிக்கே வந்து இருபதாயிரத்தை நீட்டி, “இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணே” என்பார்கள். போடவே போடாதீர்கள்.

வக்கீல் விஷயத்தில் என் கருத்து கறாரானது: வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுபவரை விட்டுவிடுங்கள், பார் கவுன்சில் விதியே அதை அனுமதிப்பதில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. லோக் அதாலத்தில் (இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றம்) முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதற்கு அப்பீல் கிடையாது. ஆகவே தொகையை ஒப்பிட்டுப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மூன்று விஷயம் கேட்டார்கள். லாரி எண் என்.எல். என்று தொடங்குகிறது, நாகாலாந்து போக வேண்டுமா? வேண்டாம், உங்கள் ஊர்த் தீர்ப்பாயமே போதும். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால்? பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகும். மூன்றாவதுதான் வருத்தமானது: கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ லோடு வண்டியில் ஏறிப் போய் அடிபட்டவர்கள். சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ இல்லையென்றால் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது, ஓனரிடம்தான் கேட்க வேண்டும் என்பதே 2003 ஆஷா ராணி தீர்ப்பு முதல் உள்ள நிலை. அப்படிப்பட்டவர்கள் ஓனரின் சொத்து விவரத்தையும் ஆரம்பத்திலேயே சேர்த்து வையுங்கள்.