விர்ச்சுவல் மெஷினுக்கு நெட்வொர்க் கார்டும் ரேமும் சரியாக அமைப்பது எப்படி?

என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். அதில் லினக்ஸ் போட்டு, கேவிஎம் (லினக்ஸில் உள்ள மெய்நிகராக்க வசதி) வழியாக இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினிகள், ஓட்டுகிறேன். ஒன்றில் உபுண்டு சர்வரும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும். 4 ஜிபி கொடுத்துவிட்டேன் என்று நம்பியிருந்த அந்த மெஷினில், கொஞ்சம் பெரிய குவரி ஓடும்போதெல்லாம் போஸ்ட்கிரஸ் செத்து விழுந்தது. ரேம் தீர்ந்துவிட்டது என்று லினக்ஸின் மையமான கெர்னல் சொன்னது. காரணம் தெரிய இரண்டு மாலைகள் ஆயின. தெரிந்த பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காக அமைத்தேன். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

விர்ட்-மேனேஜர் (ஜன்னலில் இயக்கும் கருவி), லிப்விர்ட் (மெஷின்களை நிர்வகிப்பது), கியூஎமு (மெஷினை ஓட்டுவது) மூன்றும் நிறுவியாகிவிட்டது, ஒரு கெஸ்ட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கெஸ்ட் என்றால் உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின், ஹோஸ்ட் என்றால் அதைத் தாங்கும் நிஜக் கணினி. கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; முனையத்தில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ரெட் ஹேட் தன் நிறுவனப் பதிப்பில் விர்ட்-மேனேஜரைக் கைவிடப்போவதாக அறிவித்து, பிரவுசரில் ஓடும் காக்பிட் என்ற நிர்வாகக் கருவியை முன்னிறுத்துகிறது. இருந்தாலும் புதிதாகக் கற்பவருக்கு நான் விர்ட்-மேனேஜரைத்தான் சொல்வேன். பட்டனை அழுத்தினால், மெஷினின் அமைப்பை எழுதிவைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் எந்த வரி மாறுகிறது என்று அதே ஜன்னலில் பார்த்துவிடலாம். கியூஎமுவை நேரடியாகக் கட்டளை வரியில் ஓட்டுவது பிறகு பழகவேண்டியது. அங்கே ரேம் எவ்வளவு என்று சொல்ல மறந்தால் வெறும் 128 எம்பிதான் கிடைக்கும். இன்றைய லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் அதில் எழுந்திருக்காது.

படி 1: எக்ஸ்எம்எல் திருத்தத்தைத் திறந்துவையுங்கள்

விர்ட்-மேனேஜரின் முதன்மை ஜன்னலில் எடிட் மெனு, அதில் பிரிஃபரன்சஸ், ஜெனரல் தாவல். "எனேபிள் எக்ஸ்எம்எல் எடிட்டிங்" என்ற பெட்டியில் டிக் போடுங்கள். 4-ஆம் படியில் இது தேவைப்படும்.

படி 2: நெட்வொர்க் எங்கிருந்து வருகிறது?

மெஷினைத் திறந்து, பல்பு படம் போட்ட பட்டனை அழுத்தினால் வன்பொருள் பட்டியல் வரும். அதில் என்ஐசி (நெட்வொர்க் கார்டு) என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். "நெட்வொர்க் சோர்ஸ்" என்ற இடத்தில் டிஃபால்ட் என்ற என்ஏடி வலையே (கெஸ்ட்டுகள் ஹோஸ்டின் முகவரி வழியாக வெளியே போகும் வலை) இருக்கட்டும். லிப்விர்ட் விர்பிஆர்0 என்றொரு பிரிட்ஜை, அதாவது மென்பொருள் ஸ்விட்சை, உண்டாக்கி, ஹோஸ்டுக்கு 192.168.122.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு, கெஸ்ட்டுகளுக்கு அதே வரிசையில் முகவரி தரும். கெஸ்ட் இணையத்துக்குப் போகும், ஹோஸ்டும் கெஸ்ட்டும் பேசிக்கொள்ளும். கற்றுக்கொள்ள இதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் கெஸ்ட்டுக்கு 10.0.2.15 என்ற முகவரி வந்திருந்தால், அது என்ஏடி வலையில் இல்லை, கியூஎமு தானே தரும் எளிய வலையான யூசர் மோடில் இருக்கிறது. அங்கே இணையப் பக்கம் திறக்கும், ஆனால் பிங் பெரும்பாலும் போகாது. ஹோஸ்டிலிருந்து கெஸ்ட்டுக்குள் நேராக நுழையவும் முடியாது. பிங் போகவில்லை என்பதற்காக ஃபயர்வாலைக் கிளறாதீர்கள். சோர்ஸை மாற்றினால் போதும்.

படி 3: எந்தக் கார்டு?

அதே பக்கத்தில் "டிவைஸ் மாடல்". இங்கே இ1000, இ1000இ, ஆர்டிஎல்8139, விர்ட்ஐஓ என்று பெயர்கள் இருக்கும். முதல் மூன்றும் கடையில் விற்ற நிஜக் கார்டுகளின் அச்சு. இ1000 என்பது இன்டெல்லின் 82540இஎம் சில்லு போலவே நடந்துகொள்ளும். இ1000இ என்பது 82574எல் போல. கெஸ்ட் அதை நிஜக் கார்டு என்றே நம்பித் தன்னிடமுள்ள பழைய டிரைவரை ஏற்றும். இந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. கெஸ்ட் அந்தக் கார்டின் ரெஜிஸ்டரில் எழுதப்போகும்போதெல்லாம் சிபியு கெஸ்ட்டை விட்டு வெளியே வந்து, கியூஎமு அந்தச் சில்லின் வேலையைச் செய்து காட்டி, மறுபடி உள்ளே போகவேண்டும்.

விர்ட்ஐஓ எந்த நிஜக் கார்டின் அச்சும் இல்லை. கெஸ்ட்டுக்கும் ஹோஸ்டுக்கும் பொதுவான ஒரு நினைவகப் பகுதியில் வளையம்போல ஒரு வரிசை. கெஸ்ட் அதில் பாக்கெட்டுகளை அடுக்கிவிட்டு ஒரு முறை தட்டிச் சொன்னால் போதும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லினக்ஸ் கெர்னல் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்தது. 2008-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருப்பதால், கெஸ்ட் லினக்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விர்ட்ஐஓ போடுங்கள். மிகப் பழைய கெஸ்ட்டுகளுக்கு மட்டும் மற்றவை.

மாற்றிய பின் கெஸ்ட்டுக்குள் ஈத்டூல் கட்டளையை ஐ விருப்பத்தோடு, கார்டின் பெயரையும் கொடுத்து ஓட்டுங்கள். டிரைவர் விர்ட்ஐஓ நெட் என்று வந்தால் சரி. விருப்பம் எதுவும் இல்லாமல் ஓட்டினால் வேகம் "அன்னோன்" என்று காட்டும். அது கோளாறு இல்லை. இதில் கம்பி கிடையாது, அதனால் வேகம் என்று சொல்ல எதுவுமில்லை.

மாடலை மாற்றியதும் கெஸ்ட்டுக்கு நெட்வொர்க்கே இல்லாமல் போகலாம். பயப்படாதீர்கள். கார்டு வேறு பிசிஐ இடத்துக்குப் போவதால் அதன் பெயரும் மாறியிருக்கும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பிலோ பழைய பெயர் இருக்கும். விர்ட்-மேனேஜரின் கன்சோல் வழியாக உள்ளே போய், "ஐபி லிங்க்" கட்டளையில் புதிய பெயரைப் பார்த்து, கோப்பில் மாற்றி, "நெட்பிளான் அப்ளை" கொடுங்கள். நான் இப்போது பெயருக்குப் பதிலாக மேக் முகவரியை (கார்டின் அடையாள எண்) வைத்தே பொருத்திவிடுகிறேன். 52:54:00 என்று தொடங்கும் அந்த முகவரி, மாடலை மாற்றினாலும் மாறாது.

படி 4: ரேம்

என் இரண்டு மாலைகளையும் எடுத்துக்கொண்ட இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

மெமரி பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். "கரண்ட் அலொகேஷன்", "மேக்ஸிமம் அலொகேஷன்". நான் முதலில் இரண்டிலும் 2048 வைத்திருந்தேன். போதவில்லை என்று மெஷினை அணைத்து, மேக்ஸிமத்தை மட்டும் 4096 ஆக்கினேன். உச்சவரம்பு 4 ஜிபி, தேவைப்படும்போது கெஸ்ட் தானாக எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அப்படி நடக்காது.

கெஸ்ட்டுக்குள் போய்ப் பார்த்தபோது கண்ணுக்கு முன்னாலேயே இரண்டு பதில்கள். "எல்எஸ்மெம்" கட்டளை மொத்தம் 4 ஜிபி என்றது. "ஃப்ரீ" கட்டளை 2 ஜிபிக்கும் குறைவாகக் காட்டியது. கெர்னல் பதிவின் தொடக்கத்தைப் பார்த்தால், துவங்கும்போது கிட்டத்தட்ட 4 ஜிபி இருந்ததாகத் தெளிவாக எழுதியிருக்கிறது. அப்படியென்றால் மீதி 2 ஜிபி எங்கே?

பலூனில். விர்ட்ஐஓ பலூன் என்பது கெஸ்ட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு டிரைவர். ஹோஸ்ட் கேட்டால், அது கெஸ்ட் கெர்னலிடம் நினைவகப் பக்கங்களை வாங்கி ஹோஸ்டிடம் ஒப்படைக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் 400 நாற்காலிகள் இருக்கின்றன. 200-ஐ அடுக்கிப் பக்கத்து மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். மண்டபம் அதே அளவுதான், உட்கார இடம்தான் பாதி. எல்எஸ்மெம் மண்டபத்தை அளக்கிறது, ஃப்ரீ நாற்காலியை எண்ணுகிறது. அனுப்பிய நாற்காலி தானாகத் திரும்பி வராது. யாராவது போய்க் கேட்கவேண்டும். அந்தக் கேட்பதுதான் "கரண்ட்" எண்.

ஆகவே, தரவுத்தளம் போல நினைவகம் முக்கியமான வேலை என்றால் இரண்டு எண்களையும் ஒன்றாகவே வையுங்கள். என் போஸ்ட்கிரஸ் மெஷினில் இப்போது இரண்டும் 4096. அதற்குப் பிறகு ஒரு முறைகூட விழவில்லை. எப்போதாவது ஓட்டும் சோதனை மெஷினில் மட்டும் கரண்ட்டைக் குறைத்து வைத்திருக்கிறேன்.

குறைத்து வைப்பவர்களுக்கு எக்ஸ்எம்எல்லில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மெஷினை அணைத்துவிட்டு, ஓவர்வியூ பக்கத்தின் எக்ஸ்எம்எல் தாவலில் மெம்பலூன் என்ற வரியைத் தேடி, மாடலுக்குப் பக்கத்தில் "ஆட்டோடிஃப்ளேட்" என்பதை "ஆன்" என்று சேருங்கள். கெஸ்ட்டில் ரேம் தீர்ந்து எந்தப் புரோகிராமையாவது கொல்லவேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் பலூன் பக்கங்களை விட்டுக்கொடுக்கும். இயல்பில் இது ஆஃப். அந்த வரிக்கு உள்ளேயே "ஸ்டேட்ஸ் பீரியட்" 10 என்றும் சேருங்கள். அப்போதுதான் 10 நொடிக்கு ஒரு முறை கெஸ்ட் தன் கணக்கைச் சொல்லும்; ஹோஸ்டில் "விர்ஷ் டொம்மெம்ஸ்டாட்" கட்டளை (விர்ஷ் என்பது லிப்விர்ட்டின் முனையக் கருவி) காட்டும் எண்களை நம்பலாம்.

அடுத்தது, தயவுசெய்து கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் ரேமை முனையத்திலிருந்து மாற்ற "விர்ஷ் செட்மெம்" இருக்கிறது. விர்ட்-மேனேஜரில் எண்கள் எம்பியில். விர்ஷ்ஷில் வெறும் எண் கொடுத்தால் கேபி. நான் பழக்கத்தில் 2048 என்று அடித்தேன். லிப்விர்ட் அதை 2 எம்பி என்று எடுத்துக்கொண்டு பலூனை ஊதத் தொடங்கியது. கன்சோலில் ஒவ்வொரு புரோகிராமாகக் கொல்லப்படும் செய்திகள் வரிவரியாக ஓடி, கடைசியில் திரை உறைந்தது. ஃபோர்ஸ் ஆஃப் கொடுத்து மறுபடி துவக்கியதும் சரியாகிவிட்டது. கூடுதல் விருப்பம் கொடுக்காத செட்மெம், ஓடும் மெஷினை மட்டும்தான் மாற்றும். சேமித்த அமைப்பைத் தொடாது. அன்றிலிருந்து எண்ணுக்குப் பின்னால் ஜி அல்லது எம் எழுத்தைச் சேர்க்காமல் நான் அந்தக் கட்டளையை அடிப்பதே இல்லை. 2 ஜிபி வேண்டுமென்றால் 2-ஐயும் ஜி எழுத்தையும் ஒட்டி அடியுங்கள்.

இன்னொன்று: பலூனால் மேக்ஸிமத்தைத் தாண்ட முடியாது. அதைக் கூட்ட மெஷினை அணைத்தாகவேண்டும். ஓடும்போதே கூட்ட விர்ட்ஐஓ-மெம் என்ற தனிச் சாதனம் 2020-இல் வந்த கியூஎமு 5.1 முதல் இருக்கிறது. அது ஆரம்பநிலைக்கு உரியதல்ல.

படி 5: நகலெடுக்கும் முன்

எல்லாம் சரியாக அமைந்ததும் அந்த மெஷினை நகலெடுக்கத் தோன்றும். விர்ட்-மேனேஜர் புது மேக் முகவரி கொடுத்துவிடும். ஆனால் உபுண்டு சர்வர் கெஸ்ட்டுகளில் நகலும் மூலமும் ஒரே ஐபி முகவரிக்குச் சண்டை போடும். காரணம், முகவரி கேட்கும்போது அவை மேக்கைச் சொல்லாமல், ஈடிசி அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உண்டாக்கிய அடையாளத்தைச் சொல்கின்றன. நகலெடுக்கும் முன் அந்தக் கோப்பை நீக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்து அணைத்துவிடுங்கள். அடுத்த துவக்கத்தில் ஒவ்வொன்றும் தனக்கென்று புது எண் உண்டாக்கிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

வைஃபையில் பிரிட்ஜ் போட்டால் கெஸ்ட்டுக்கு முகவரி வரவில்லை என்று இருவர் எழுதினார்கள். வராது. வைஃபை ரவுட்டர் தன்னிடம் பதிவு செய்த ஒரே மேக் முகவரியோடுதான் பேசும். பின்னால் இருக்கும் கெஸ்ட்டின் மேக்கை ஏற்காது. கம்பி இணைப்புக்குப் போங்கள், இல்லையென்றால் என்ஏடியிலேயே இருங்கள். கெஸ்ட்டை ஹோஸ்டின் கார்டோடு பிரிட்ஜ் இல்லாமல் நேரே இணைக்கும் மேக்விடேப் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வைஃபையில் அதற்கும் இதே தடைதான். கம்பி இணைப்பில் வேலை செய்யும், ஆனால் ஹோஸ்டும் கெஸ்ட்டும் ஒன்றையொன்று பார்க்கமுடியாது.

கம்பியில் பிரிட்ஜ் நன்றாக ஓடி, டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) நிறுவிய நாளிலிருந்து நின்றுவிட்டது என்பது இன்னொருவர் சிக்கல். கணினி வழியே கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபயர்வால் விதிப்பட்டியல் ஃபார்வர்ட் சங்கிலி; டாக்கர் அதன் இயல்பை டிராப் (தடு) என்று மாற்றிவிடுகிறது. பிரிட்ஜ் வழியே போகும் பாக்கெட்டுகளும் அந்த விதிக்குள் வந்து மாட்டிக்கொள்கின்றன. டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் உங்கள் பிரிட்ஜுக்குள் வருவதையும் அதிலிருந்து போவதையும் அனுமதிக்கும் விதியைச் சேர்த்தால் தீரும். அவருக்கும் அதிலேயே தீர்ந்தது.

விண்டோஸ் கெஸ்ட்டில் விர்ட்ஐஓ போட்டதும் கார்டே காணவில்லை என்பவர்களுக்கு: விண்டோஸில் அந்த டிரைவர் கிடையாது. ஃபெடோரா வெளியிடும், "விர்ட்ஐஓ-வின்" என்று பெயரிட்ட, விண்டோஸ் டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடியாகச் சேர்த்து, நெட்கேவிஎம் கோப்புறையிலிருந்து நெட்வொர்க் டிரைவரையும், பலூன் கோப்புறையிலிருந்து ரேம் டிரைவரையும் நிறுவுங்கள். பலூன் ஊதினால் விண்டோஸில் மொத்த ரேம் குறையாது. பயன்பாட்டில் இருக்கும் அளவு ஏறியதாக டாஸ்க் மேனேஜர் காட்டும். எந்தப் புரோகிராம் தின்கிறது என்று பட்டியலில் தேடினால் அகப்படாது, கரண்ட் அலொகேஷன் எண்ணைப் பாருங்கள்.