டிஸ்க் சூடு பார்க்கும் செக் 'அன்நோன்' காட்டினால்

அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் சர்வர் அறையில் ஏசி நின்றால் டிஸ்க் சூடு சரசரவென ஏறும். அதைக் கவனிக்க நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கின் நிலையைப் படிக்கும் கட்டளை) செக் போட்டிருப்பீர்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டினால் 'ஓகே' வருகிறது. நாகியோஸ் திரையிலோ 'அன்நோன்', கூடவே 'என்ஆர்பிஇ: அனேபிள் டு ரீட் அவுட்புட்' என்ற செய்தி. என்ஆர்பிஇ என்பது நாகியோஸுக்காக அந்த சர்வரில் செக்கை ஓட்டித் தரும் சர்வீஸ். பெரும்பாலும் அனுமதிச் சிக்கல்தான்.

ரூட்டாகச் சோதிப்பதை முதலில் விடுங்கள். டெபியன், உபுண்டுவில் என்ஆர்பிஇ ஓடுவது 'நாகியோஸ்' என்ற பயனராக. ரெட்ஹேட் வகைகளில் 'என்ஆர்பிஇ' என்ற பயனராக. வேறு பயனராகக் கட்டளை ஓட்ட உதவும் சூடோவுக்கு 'ஹைஃபன் யு' கொடுத்து, அந்தப் பயனராகவே கட்டளையை எழுத்து மாறாமல் ஓட்டுங்கள். கட்டளைக்குள் இருக்கும் சூடோவுக்கு 'ஹைஃபன் என்' சேர்த்தால் பாஸ்வேர்டு கேட்டு நிற்காது, உடனே பிழையைச் சொல்லிவிடும். என்ஆர்பிஇ கட்டளையின் கடைசியில் ஸ்டாண்டர்ட் எரரை அவுட்புட்டோடு சேர்த்துவிட்டால் நிஜப் பிழை நாகியோஸ் திரைக்கே வரும். அப்போது நிலை 'வார்னிங்' ஆனால் மிரள வேண்டாம். சூடோ மறுத்தால் 1 என்று திரும்பும். நாகியோஸுக்கு 1 என்றால் வார்னிங்.

பாஸ்வேர்டு கேட்காமல் சூடோ ஓட விடும் அனுமதி வரியை விசூடோ (சூடோ விதிகளைத் திருத்தும் கருவி) கொண்டு சூடோயர்ஸ்.டி அடைவில் தனிக் கோப்பாக எழுதுங்கள். கோப்புப் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கோப்பு அனுமதி 0440. 'நோபாஸ்டபிள்யூடி' குறியை 'நோபாஸ்வேர்டு' என்று முழுதாகத் தட்டினால் சின்டாக்ஸ் பிழை. இங்கே அதிகம் சறுக்குவது பாதையில்: பிளகின் (செக்கைச் செய்யும் நிரல்) தானே உள்ளுக்குள் சூடோவைக் கூப்பிட்டால் ஸ்மார்ட்சிடிஎல்லின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும், பிளகினையே சூடோவில் ஓட்டினால் பிளகினின் பாதையை. ஆர்குமென்ட்டும் சேர்த்து எழுதினால் அது அப்படியே பொருந்தியாக வேண்டும். ஒரே கட்டளைக்கு இரண்டு விதி இருந்தால் கடைசி விதிதான் செல்லும்.

ஷெல்லில் ஓடுகிறது, என்ஆர்பிஇ வழியாக மட்டும் ஓடவில்லையா? என்ஆர்பிஇ சர்வீஸின் அமைப்புக் கோப்பான சிஸ்டம்டி யூனிட்டில் 'நோநியூபிரிவிலேஜஸ்' இருந்தால் சூடோ ரூட்டாகவே முடியாது. 'பிரைவேட்டிவைசஸ்' இருந்தால் டிஸ்க்கே கண்ணில் படாது. சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் மாற்றி, சர்வீஸை மறுபடி துவக்குங்கள். ரெட்ஹேட் வகையில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கையும் பாருங்கள்: 'நாகியோஸ்_ரன்_சூடோ' பூலியனை (ஆன்/ஆஃப் அமைப்பு) நிரந்தரமாக ஆன் செய்தால் போதும், எஸ்இலினக்ஸையே அணைக்கத் தேவையில்லை. பழைய சென்ட்ஓஎஸ் 6-இல், டெர்மினல் இருந்தால்தான் சூடோ ஓடும் என்கிற 'ரிக்வயர்டிடிஒய்' தடுக்கும். அந்தப் பயனருக்கு மட்டும் அதை நீக்கலாம். சூடோ மறுத்ததெல்லாம் டெபியனில் ஆத்.லாக் (டெபியன் 12 முதல், ஆர்சிஸ்லாக் நிறுவாவிட்டால், ஜர்னல்சிடிஎல்லில் பாருங்கள்), ரெட்ஹேட்டில் செக்யூர் கோப்பில் பதிவாகும்.

என்ஆர்பிஇ அமைப்புக் கோப்பின் 'கமாண்ட்_பிரிஃபிக்ஸ்' வரியில் சூடோ போட்டு எல்லாச் செக்கையும் ஒரேயடியாக ரூட்டாக்கும் குறுக்குவழி வேண்டாம். சூடோவில் ஓடும் பிளகின் கோப்பும் அது இருக்கும் அடைவும் ரூட்டின் உடைமையாக இருக்கட்டும்; நாகியோஸ் பயனர் அதைத் திருத்த முடிந்தால், சர்வரையே அந்தப் பயனருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி.